ரிலீவராக செக்கியூரிட்டி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? (திருகோணமலை)

பாலையூற்றுப் பையன்:

வணக்கம். செக்கியூரிட்டி வேலையில் இருக்கிறவர்கள், இருந்து விட்டவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள், அதனால்தான் கேட்கிறேன். எனக்கு 22 வயது. உயர்தரம் முடித்துவிட்டு தொழில்நுட்பக் கல்லூரியில் பகுதிநேரமாக மின்னியல் படிக்கிறேன், சனி ஞாயிறு வகுப்பு. வீட்டில் அப்பாவின் கடல் வேலைதான் வருமானம், மாரி தொடங்கினால் அதுவும் பாதி நாள் இல்லை.

போன கிழமை ஒரு செக்கியூரிட்டி கம்பனியின் ஏரியா ஒபிசர் பேசினார். ஒரே பொயிண்டில் நிரந்தரமாகப் போட இப்போது இடம் இல்லையாம், ரிலீவராக வந்தால் உடனே எடுப்பார்களாம். யாராவது லீவு எடுத்தால், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டால், அந்த இடத்துக்கு நான் போக வேண்டும். இன்றைக்கு உப்புவெளியில் ஒரு ஹொட்டல் என்றால் நாளைக்கு சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியம், அதற்கடுத்த நாள் டவுனுக்குள் ஒரு பைனான்ஸ் கம்பனி. 12 மணித்தியால ஷிப்ட், ஷிப்ட் கணக்கில் காசு. எனக்கு நிரந்தரமாக ஒரு இடத்தில் நிற்பதை விட இது வகுப்புக்கு வசதியாக இருக்கும் போலத் தெரிகிறது. ஆனால் ரிலீவர்களுக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது என்று அவரே சொன்னார், அது உண்மையா? மாதம் போதுமான அளவு ஷிப்ட் வருமா? தெரியாத இடத்தில், தெரியாத ஆட்களுக்கு நடுவில் இரவில் போய் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை, அது வேறு கதை.

அனுபவம் உள்ளவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். சிங்களம் எனக்கு விளங்கும், பேசத் தட்டுத்தடுமாறும்.

இராக்காவல்:

தம்பி, நானும் ரிலீவராகத் தொடங்கியவன்தான், இப்போது ஒரு இடத்தில் ஓ.ஐ.சி., அதாவது அந்த இடத்துக் காவலுக்குப் பொறுப்பானவன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் வராது, குறை நினைக்க வேண்டாம்.

முதலில் கள்ளனைப் பற்றிய பயத்தை விடுங்கள். ரிலீவருக்கு வருகிற பிரச்சினையில் முக்கால்வாசி ஷிப்ட் மாறுகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. உங்களிடம் ஒப்படைக்கிற ஆள் 12 மணித்தியாலம் நின்று களைத்திருப்பார், சில நேரம் டபுள் அடித்து 24 மணித்தியாலம் நின்றிருப்பார், அவருக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கந்தளாய்க்கோ மூதூருக்கோ போக வேண்டும். புத்தகத்தைக் கையில் தந்து "எல்லாம் சரி, ஒப்பத்தைப் போடு" என்பார். போடாதீர்கள். புத்தகத்தையும் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து, பூட்டுகளை இழுத்துப் பார்த்து, சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதற்குப் பிறகுதான் ஒப்பம். பதிவில் 14 சாவி என்று இருந்து பலகையில் 13 தொங்கினால், "13 சாவி மட்டுமே பொறுப்பேற்றேன்" என்று நேரத்தோடு எழுதி அவரிடமும் ஒப்பம் வாங்குங்கள். அவர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். காலையில் ஒபிஸ் திறந்து ஏதாவது காணவில்லை என்றால் முதல் கேள்வி "நேற்று இரவு புதிதாக நின்றது யார்?" என்பதுதான். நிரந்தரமாக நிற்பவனுக்கு அந்த இடத்தில் பேச நாலு பேர் இருப்பார்கள். ரிலீவருக்கு இருப்பது அந்தப் புத்தகம் மட்டும்.

ஒரு உதாரணம். ஒரு களஞ்சியத்தில் ஜெனரேட்டர் டீசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கொண்டே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தவர்கள் பேசவில்லை. நான் ரிலீவுக்கு நின்ற அடுத்த நாள்தான் மேலதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்தார். பிறகு என்ன, விரல் நேரே என் பக்கம். பொறுப்பேற்கும்போதே டாங்கியின் அளவுக் கண்ணாடியைப் பார்த்து, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான் எழுதியிருந்தேன், போனிலும் ஒரு படம் இருந்தது. அதோடு பேச்சு முடிந்தது. அங்கே வருஷக்கணக்காக நின்ற யாருடைய எழுத்திலும் டீசல் என்ற சொல்லே இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

போகிற இடம் முதல் நாளே தெரிந்தால், அங்கே வழக்கமாக நிற்பவருக்கு ஒரு கோல் எடுங்கள். எந்தக் கதவு இறுகும், நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்து விடுகிறார்களா, இரவில் யாருக்கு உள்ளே வர அனுமதி, மெயின் சுவிட்ச் எங்கே, கமராவில் எது வேலை செய்யவில்லை. இவ்வளவும் எழுத்தில் கேட் அறைக்குள் இருக்க வேண்டியவை, சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இராது. அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள், சுற்றிப் பார்க்க வெளிச்சம் இருக்க வேண்டும். டவுனுக்குள் நின்றால் மதில் ஓரமாக இரவில் சலசலக்கும், தொண்ணூறு வீதம் மான்தான், நம்முடைய ஊர் மான்களுக்கு கேட்டும் தெரியாது பாஸும் தெரியாது. அதற்காக எழும்பிப் பார்க்காமல் இருந்து விடாதீர்கள்.

இன்னொன்று, யூனிபோர்ம் போட்டதும் பொலிஸ் ஆகிவிட்டதாக நினைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். நமக்குத் தனி அதிகாரம் ஒன்றும் கிடையாது. கண்முன்னே பாரிய குற்றம் செய்கிற ஒருவனைச் சாதாரண குடிமகன் பிடித்து வைத்துத் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்கலாம், அது நமக்கும் பொருந்தும், அவ்வளவுதான். அடிப்பது, அறையில் பூட்டி வைப்பது, போனைப் பறித்துப் பார்ப்பது எல்லாம் உங்களையே கூண்டில் ஏற்றும். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு. போகிற இடமெல்லாம் மனேஜரின் நம்பரையும் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையத்தின் நம்பரையும் வாங்கிக் கையில் வைத்திருங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது, சார்ஜ் போய்விடும், ஒரு துண்டிலும் எழுதி வையுங்கள்.

நிலாவெளி அக்கா:

இராக்காவல் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் இதை வாசிக்கிற தங்கச்சிமாரும் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். நான் எல்.எஸ்.ஓ., அதாவது பெண் செக்கியூரிட்டி, அதிகம் ஹொட்டல், இடைக்கிடை ஆஸ்பத்திரி.

பெண் ரிலீவருக்குக் கேள்வி வேறு. அந்த இடத்தில் பூட்டக்கூடிய கழிப்பறை இருக்கிறதா? உடை மாற்ற இடம் இருக்கிறதா? மாலை 6 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் நிலாவெளிப் பக்கத்திலிருந்து டவுனுக்கு எப்படி வருவது? இவை ஏரியா ஒபிசருக்கு ஞாபகத்துக்கு வராது, ஆண்கள் யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் போனிலேயே கேட்டு விடுவேன், பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்கு எனக்கு வேறு அலுவல். ஒரு முறை கட்டுமானம் நடக்கிற ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே பெண்களுக்கென்று ஒன்றுமே இல்லை, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் வீட்டைத் திறந்து விட்டார். இடத்தின் பெயர் வேண்டாம்.

பெண்களின் பையையும் உடம்பையும் பெண்தான் சோதிக்க வேண்டும், அதனால் எல்.எஸ்.ஓ. ஒருவர் வராமல் விட்டால் அந்த இடத்துக்கு ஆண் ரிலீவரைப் போட்டு ஒப்பேற்ற முடியாது. இதுதான் நமக்குப் பலம், பேரம் பேசலாம். போக்குவரத்துக்கு வாகனம் தந்தால் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், தரமாட்டோம் என்று தொடங்கி அரை மணியில் திரும்ப எடுப்பார்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையாளர் நேரம் தவிர மற்ற நேரத்தில் உள்ளே விடாதே என்பார்கள், ஆனால் உள்ளே படுத்திருப்பது யாரோ ஒருவரின் தாய். புதிதாகப் போகிறவர்களுக்கு இது மிகவும் கஷ்டம், சத்தம் போடுவார்கள், அழுவார்கள், கையில் காசு திணிக்கப் பார்ப்பார்கள். நான் ஒரே தொனியில் "வார்டு நேர்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன், இதிலே இருங்கள்" என்பேன். கேட்டும் சொல்வேன். கேட்காமல் பொய்க்குச் சொன்னால் இரண்டாம் தடவை யாரும் நம்பமாட்டார்கள். தம்பிக்கு முதல் மாதத்திலேயே ஆஸ்பத்திரி பொயிண்ட் விழுந்தால், பழைய ஆள் ஒருவரோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ரோஸ்டர் போடுகிறவன்:

நான் மற்றப் பக்கத்திலிருந்து பேசுகிறேன், கல்லெறிய வேண்டாம். என் வேலையே காலை 5.30க்கு பையன்கள் போன் அடித்து "அண்ணே இன்றைக்கு வர ஏலாது" என்று சொல்வதைக் கேட்பதுதான். 6 மணிக்குள் அந்தக் கேட்டில் யாராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கிளையண்ட் பில்லில் வெட்டுவான், இரண்டு மூன்று தடவை நடந்தால் கொன்ட்ராக்டே போகும்.

தம்பிக்கு ஷிப்ட் எவ்வளவு வரும் என்பது ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது, போனை எடுக்கிறீர்களா இல்லையா. என் பட்டியலில் முதல் மூன்று பேருக்குத்தான் மாதம் முழுக்க வேலை, ஏனென்றால் அவர்கள் ஓம் இல்லை என்று உடனே சொல்வார்கள். இல்லை என்று சொல்வதில் எனக்குக் கோபம் கிடையாது. எடுக்காமல் விட்டு, எட்டு மணிக்குப் பிறகு "நித்திரை அண்ணே" என்பவனை எனக்குத் தேவையில்லை. நீங்கள் சனி ஞாயிறு வகுப்பு என்றால் முதல் நாளே சொல்லி விடுங்கள், சனி ஞாயிறுதான் ஆள் தட்டுப்பாடு என்பதால் ஏரியா ஒபிசர் முகம் கொஞ்சம் கோணும், பரவாயில்லை. வார நாள் இரவுகளுக்கு எடுப்பார்கள்.

நம்முடைய மாவட்டத்தில் இந்த வேலைக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல்காரர்கள் ஆள் கேட்டுக் கொண்டே இருப்பார்கள். ஒக்டோபரில் மழை இறங்கினால் சில இடங்களில் ஆறு பேர் நின்ற வளவுக்கு இரண்டு பேர் போதும் என்று விடுவார்கள், மிச்ச நாலு பேரும் வேறு பொயிண்டுக்கு வருவார்கள், ரிலீவருக்கு ஷிப்ட் குறையும். அப்பாவின் கடல் வேலை இல்லாத அதே மாதங்களில் உங்களுடையதும் குறையும் என்பதை வீட்டில் இப்போதே பேசி வைப்பது நல்லது. களஞ்சியம், வங்கி, தொழிற்சாலைப் பக்கம் முகம் பழகியிருந்தால் மாரியிலும் தப்பலாம்.

பண்டிகை வேறு கணக்கு. சித்திரைப் புத்தாண்டுக்கு தமிழரும் சிங்களவரும் ஒன்றாக லீவு கேட்பார்கள், அந்த நாட்களில் நான் கிண்ணியா மூதூர்ப் பையன்களைத்தான் நம்பியிருப்பேன். நோன்புப் பெருநாளுக்கு அது அப்படியே மாறும். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் டவுன் ஆட்கள் ஒருவரும் இரவு ஷிப்டுக்கு அசையமாட்டார்கள். மற்றவர்களின் பெருநாளில் நின்று கொடுத்தால் உங்கள் பெருநாளுக்கு நான் கைவிடமாட்டேன், இது எழுதாத ஒப்பந்தம்.

டபுள் பற்றி இராக்காவல் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார். டபுள் இல்லாமல் இந்தத் துறை ஓடாது, பையன்களே கேட்டு வாங்குகிறார்கள்.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரிலீவருக்கு ஈ.பி.எப். இல்லை என்று அந்த ஒபிசர் சொன்னது பச்சைப் பொய். கோபத்தில் எழுதவில்லை, இதையே பல பிள்ளைகள் நம்பி வருஷங்களை விட்டுவிட்டார்கள்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, அமையம் என்று அது பேதம் பார்க்காது, வேலைக்கு இறங்கிய முதல் நாளிலிருந்து செல்லும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், கம்பனி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அது முழுக்கக் கம்பனியின் காசு, உங்களிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது. ஒரு மாதத்துக்குரிய ஈ.பி.எப். பணம் அடுத்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும், பிந்தினால் பிந்திய அளவுக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் விழும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள். ஓவர்டைம் காசுக்கு ஈ.பி.எப். கணக்கிடப்படுவதில்லை. அதனால் சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை எல்லாம் ஓ.டி., ஊக்குவிப்பு, வருகைப்படி என்று பெயர் வைத்துத் தருவார்கள். கைக்கு வருகிற காசு ஒன்றுதான், ஆனால் உங்கள் கணக்கில் ஏறுகிறது எலும்பும் தோலும். அதனால் ஷிப்டுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், அதில் அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாய்க்கும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய்க்கும் ஏறியது, நாட் கணக்கில் அது 1,200 ரூபாய். அதற்குக் கீழே யாரும் எழுத முடியாது. பாதுகாப்புச் சேவைக்கென்று தனியாக வேதனச் சபையும் (சம்பளத்தை நிர்ணயிக்கிற சபை) உண்டு. சாதாரண வேலை நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு ஒன்றரை மடங்கு. போயா தினத்தில் நின்றாலும் ஒன்றரை நாட் சம்பளம், அது விடுமுறைச் சட்டத்தில் இருக்கிறது.

பணிக்கொடைக்கு ஐந்து வருடம் பூர்த்தியாக வேண்டும், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். ரிலீவர்களை நாலு வருஷத்தில் நிற்பாட்டிப் புதிதாகச் சேர்ப்பது போலக் காட்டுகிற கதைகளும் கேள்விப்படுகிறோம், ஆகவே சேர்ந்த திகதி போட்ட கடிதத்தை ஜோக்காக எடுக்க வேண்டாம்.

சேரும்போது செய்ய வேண்டியது: ஈ.பி.எப். பதிவுப் படிவத்தில் ஒப்பம் வைத்து அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பனி 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிந்ததா என்று பாருங்கள். கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாம் கேட்பார்கள், கொடுக்கலாம். அடையாள அட்டையின் மூலப்பிரதியையோ சர்ட்டிபிகேட்டுகளின் மூலப்பிரதியையோ மட்டும் "பைலுக்கு" என்று கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரச்சினை வந்தால் டவுனில் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது, முறைப்பாடு கொடுக்கக் காசு இல்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

இராக்காவல்:

நானா எழுதியது எல்லாம் சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைக் கேட்டு வாங்க ஒரு ஆதாரம் வேண்டும். ரிலீவருக்கு அதுதான் இல்லாமல் போகிறது. நிரந்தர ஆள் ஒரே பொயிண்டில் ஒரே வருகைப் பதிவில் இருப்பார். நீங்கள் ஒரு மாதத்தில் ஏழெட்டுப் பொயிண்டில் நிற்பீர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு தாள் ஒபிஸுக்குப் போகும், ஒன்றிரண்டு போகாது. மாதக் கடைசியில் கணக்கில் குறையும், கேட்டால் "அந்தத் தாள் வரவில்லை தம்பி" என்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனால் உங்கள் காசு போனது போனதுதான். சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் கொப்பி ஒன்று வாங்கி, திகதி, இடம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுதி, அன்றன்றே அந்த இடத்து ஓ.ஐ.சி.யிடமோ அடுத்து வருகிறவரிடமோ ஒப்பம் வாங்குங்கள். வருகைப் பதிவின் பக்கத்தைப் போனிலும் பிடித்து வையுங்கள்.

டபுள் விஷயத்தில் ரோஸ்டர் போடுகிறவரோடு எனக்கு ஒத்துவராது. பையன்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றால் ஒரு ஷிப்டின் காசு போதவில்லை என்று அர்த்தம், நித்திரை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதிலும் ரிலீவருக்கு டபுள் என்பது பகல் ஒரு இடம், இரவு இன்னொரு இடம், நடுவில் பஸ். இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும், அந்த நேரம் பார்த்துத்தான் பொயிண்டுகளைச் சோதிக்க வருகிற விசிட்டிங் ஒபிசர் மோட்டார் சைக்கிளை ஓப் செய்துவிட்டு நடந்து வருவார். நித்திரையில் பிடித்தால் தண்டம் வெட்டுவார்கள், டபுள் போட்டு அனுப்பியவருக்கு ஒன்றும் இல்லை.

சிங்களத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் உங்கள் பதிவைத் தமிழில் எழுதுங்கள், தெளிவாக எழுதத் தெரிந்த மொழியில் எழுதுவதுதான் உங்களைக் காப்பாற்றும். நேரமும் வாகன இலக்கமும் எல்லோருக்கும் ஒன்றுதான். பேச்சுக்கு கேட்டில் தேவைப்படுவது கொஞ்ச வசனம், ஒரு மாதத்தில் வந்துவிடும். "ஒக்கொம ஹரித?" (எல்லாம் சரியா?) என்று போனில் கேட்டால் "ஹரி சேர்" என்பதோடு நிறுத்தாமல், எது ஹரி இல்லை என்பதையும் சொல்லப் பழகுங்கள்.

ரோஸ்டர் போடுகிறவன்:

தண்டம் விஷயம் எல்லாக் கம்பனியிலும் அப்படி இல்லை. ஆனால் பகல் ஒரு இடம் இரவு ஒரு இடம் போடுவது சரியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன், நான் முடிந்தவரை ஒரே பொயிண்டில்தான் டபுள் போடுவேன். ஆள் இல்லாத நாளில் என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

இராக்காவல்:

ஆளை எடுங்கள், ஐயா. தம்பி பாலையூற்றில் ரெடியாக நிற்கிறார்.

பாலையூற்றுப் பையன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விபரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நானா எழுதியதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஈ.பி.எப். இலக்கம் தராவிட்டால் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஒபிஸுக்குப் போய் அடிப்படைச் சம்பளம், சேர்கிற திகதி, ஈ.பி.எப். மூன்றையும் கடிதத்தில் போட்டுத் தருவீர்களா என்று கேட்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். மூதூர்ப் பக்கம் ஒரு இரவு பொயிண்டும் இருக்கிறதாம், போகலாமா? என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அப்புறம் யூனிபோர்ம், சப்பாத்து, பெல்ட் எல்லாவற்றுக்கும் முதல் மாதச் சம்பளத்தில் வெட்டுவார்களாம், இது வழக்கமா?

கிண்ணியா நானா:

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மூதூர் முன்பு போல தூரம் இல்லை, படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. இரவு ஷிப்ட் என்றால் பின்னேரம் பஸ்ஸில் வந்து காலையில் பஸ்ஸில் திரும்பலாம், அது பரவாயில்லை. பகல் ஷிப்டுக்கு விடிய 6 மணிக்கு அங்கே நில் என்றால்தான் மோட்டார் சைக்கிள் இல்லாமல் சரிவராது. பஸ் காசு யார் தருவது என்பதையும் கேளுங்கள். தூரப் பொயிண்டுக்கு ஷிப்டோடு சேர்த்து ஏதாவது தருகிற கம்பனிகளும் உண்டு, கேட்காதவனுக்குத் தரமாட்டார்கள்.

நிலாவெளி அக்கா:

யூனிபோர்ம் காசு வெட்டுவது வழக்கம்தான், நல்ல வழக்கம் என்று சொல்லவில்லை. ஒரே மாதத்தில் வெட்டாமல் மூன்று மாதத்துக்குப் பிரித்து வெட்டச் சொல்லுங்கள், வேலையை விட்டால் யூனிபோர்மைத் திருப்பிக் கொடுத்தால் காசு வருமா என்பதையும் கேட்டு வையுங்கள். அவர்கள் தருகிற சப்பாத்து வேண்டாம், மழைக்கு ஒரு கிழமைகூடத் தாங்காது. மழைக்கோட்டும் ரோச் லைட்டும் சொந்தமாக வைத்திருங்கள், கேட் அறை இல்லாத பொயிண்டும் இருக்கிறது.

இராக்காவல்:

சப்பாத்து என்ன நம்பர் தம்பி? என்னிடம் கறுப்பு 9 ஒன்று இருக்கிறது, புது இடத்தில் வேறு மாதிரி கேட்டதால் அதிகம் போடவில்லை. காசு வேண்டாம். இன்பொக்ஸில் எழுதுங்கள், மட்டிக்களிப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், நான் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எழும்பியிருப்பேன்.

பாலையூற்றுப் பையன்:

8 அண்ணா, ஆனால் மொத்தச் சொக்ஸ் போட்டால் சரிவரும். செவ்வாய்க்கிழமை வருகிறேன், கடிதத்தில் என்ன போட்டுத் தந்தார்கள் என்பதையும் கொண்டு வந்து காட்டுகிறேன்.